ஒரு நிமிஷம், ஆண்டவரே

கேட்டார். ஆனால் கேட்கவில்லை. அப்பா பாட்டைக் கேட்டாரா, மூன்றாவது சரணத்துக்கு என்ன சொன்னார் என்று நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற உண்மையான பதில் இதுதான். அன்றைக்கு நீ கூப்பிட்டபோது அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதோடு கைபேசியில் சொன்னால் நீ நடந்துகொண்டே கேட்பாய், சாலையைக் கடந்துகொண்டே ம், ம் என்பாய். அதனால் காகிதம். உட்கார்ந்து படி.

என் கண்ணுக்கு, இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. உன்னை ஆண்டவர் பார்த்துக்கொள்கிறார் என்று நம்பிக்கை உண்டு, இருந்தாலும் நீயும் உன் பங்குக்கு ஒரு வரி எழுது, அவரையே எல்லாம் சொல்ல வைக்காதே.

பாட்டுக்கு வருகிறேன். உன் சிநேகிதன் குச்சிதான் கொண்டுவந்து போட்டுக் காட்டினான். இன்னும் அதே குச்சிதான், அவன் கிட்டாரைச் சுமக்கிறானா கிட்டார் அவனைச் சுமக்கிறதா தெரியாது. நீ அங்கிருந்து பாடி அனுப்பிய குரலோடு இங்கே பையன்கள் மாண்டலினும் டிரம்ஸும் சேர்த்திருக்கிறார்கள். முதலில் வெறும் கிட்டார். பிறகு கைதட்டல். வேலை முடிந்து நடந்து வருகிறவர்கள் பாடுகிற மாதிரி ஒரு தாளம். அப்புறம் டிரம்ஸ் வந்ததும் மேசையில் இருந்த டம்ளர் நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை. பல்லவி வந்தபோது சிரித்துவிட்டேன். "ஒரு நிமிஷம் ஆண்டவரே, இதோ வந்துட்டேன், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், அங்கேயே இரும்." நாள் முழுக்க நான் அவரிடம் சொல்வது இதைத் தவிர வேறென்ன. இரண்டாவது சரணத்தில் வேதாகமத்துக்குள் கைபேசியை வைத்திருக்கிற பெண் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். கோபம் இல்லை. இருந்தது, போய்விட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜெபத்தின் நடுவில் நான் பார்ப்பது உன் ஊரின் வானிலை. அங்கே பனியா, காற்றா, நீ காதை மூடிக்கொண்டு போனாயா. அதுவும் ஜெபம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆண்டவர் ஒப்புக்கொள்கிறாரா தெரியவில்லை.

மூன்றாவது சரணம் யாரைப் பற்றியது என்று கேட்டவுடன் தெரிந்தது. உனக்கும் தெரியும் எனக்குத் தெரியும் என்று. "கடைசி வரிசையில் கண்ணாடி போட்டவர், காற்றில் ஜெபத்தை அனுப்பிவைக்கிறார், பார்ப்பவர் எத்தனை என்றே பார்த்தவர், பாடும் தன் குரலை எங்கே வைத்தார்." சபையில் கடைசி வரிசையில் கேமராவும் ஒலிப் பெட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒருவர்தான். அவர் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடினால் பெஞ்சு அதிரும் என்பது பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். நேரலை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் வாய் திறந்து ஒரு வரி பாடி நான் பார்க்கவில்லை. நீ ஊரை விட்டுப் போவதற்கு முன் தனியாக ஒரு பாட்டுப் பாடினாயே, முடித்து இறங்கியதும் அவர் உன்னிடம் சொன்னது, "கேமரால நல்லா விழுந்திருக்கே." நீ அடுக்களையில் வந்து நின்று என்னிடம் சொன்னாய், அப்பா என்னைப் பார்க்கலம்மா, என் படத்தைத்தான் பார்த்தார் என்று. சரணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளக்க வேண்டாம்.

இனி நடந்ததைக் கேள். சிரிக்காதே. சிரி, பரவாயில்லை. மாதக் கடைசியில் இளைஞர் ஆராதனை, அதில் உன் பாட்டை மேடையில் பாடப்போகிறார்கள். அதற்கு முன் பதிவைச் சீர்படுத்தித் தரச் சொல்லிக் குச்சி அதை யாரிடம் கொடுப்பான்? சபையில் ஒலிக்கு இருப்பது ஒரு ஆள். அப்பாவிடமே கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் அவனுக்கு மூன்றாவது சரணம் நினைவு வந்ததாம், எனக்குக் கூப்பிட்டு "ஆன்ட்டி, மாமா கோபமா இருக்காரா, நான் வீட்டுப் பக்கம் வரலாமா" என்கிறான். அவர் கோபமாக இல்லை. சாப்பாட்டு மேசையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாயங்காலமெல்லாம் அதே பாட்டு. திரையில் ஓடுகிற பச்சைக் கோடுகளைப் பார்க்கிறார், ஒரு குமிழைத் திருகுகிறார், திரும்பவும் முதலிலிருந்து. லிஃப்ட் எந்த மாடியில் முனகுகிறது என்று காதாலேயே சொல்கிற மெக்கானிக் அல்லவா, பாட்டையும் அப்படித்தான் கேட்கிறார். மாண்டலின் கீச்சென்கிறது என்றார். டிரம்ஸ் பையன் யாரையோ பழி வாங்குகிறான் என்றார். நான் அடுப்பைத் துடைப்பது போல நின்றுகொண்டு வார்த்தையெல்லாம் எப்படி என்று கேட்டேன். "வார்த்தை சுத்தமா கேக்குது, ஒண்ணுகூட விழுங்கல, அவன் எப்பவுமே தெளிவா பாடுவான்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அவரைப் பற்றிய வரிகள் அவர் காதுக்குள்ளேயே பாடிக்கொண்டிருக்கின்றன, அவர் அந்த வரிகளைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு தவறு நம் வீட்டில்தான் நடக்கும்.

நீ சரணத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்கிறாய். நான்கு நாளாக இதைத்தான் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டும்போதும் இதே நினைவு. எடுத்தால் பாட்டு நொண்டும். எடுக்காவிட்டால் மேடையில் பாடும்போது சபை முழுக்கக் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்கும், அவர் குமிழைத் திருகிக்கொண்டு, எல்லாரும் ஏன் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பார். வெளியே வந்ததும் யாராவது தோளில் தட்டிச் சொல்வார்கள். உன் அத்தை கட்டாயம் சொல்வாள். அந்த இடத்தில் அவரை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. போதகரிடம் சொல்லலாமா என்று போனேன். அவர் டிரம்ஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். பெரியவர்கள் காதுக்குப் பஞ்சு வாங்கி வைக்கலாம் என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இது வீட்டு விஷயம். மற்றவர்கள் சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது. இரு, வருகிறேன்.

வந்துவிட்டேன். தேநீர் ஆறிப்போனது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நான் எதுவும் சேர்க்கவில்லை. அவர் அந்த அறையில் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னங்க, ஒன்று படிக்கிறேன், கையில் ஒன்றும் இல்லாமல் கேளுங்கள் என்றேன். "ஏன், பத்திரம் எதுவும் வந்திருக்கா" என்றார். ஒயரைக் கீழே வைத்தார். இசை இல்லாமல், ராகம் இல்லாமல், மூன்றாவது சரணத்தை மட்டும் படித்தேன். அவர் "திருப்பிப் படி" என்றார். படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். "இது அவன் பாட்டுல இருக்கா" என்றார். இருக்கிறது, நீங்கள்தான் அதைச் சரிபண்ணிக் கொடுத்தீர்கள் என்றேன். அப்போது ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு, மூக்கு வழியாக வருமே, அது. அப்புறம் சொன்னார், "எத்தனை பேர்னு நான் பாக்கறதில்ல. பாக்கறவங்க பேரு கீழ வரும்ல, அதுல அவன் பேரு வருதான்னு பாப்பேன்."

இதைப் படித்து உருகிவிடாதே. நானும் உருகவில்லை. அவர் உன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது உண்மை. நீ நேரில் நின்று பாடியபோது உன்னைப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. அதையும் அவரிடம் சொன்னேன். "தெரியுது" என்றார். அவ்வளவுதான். ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சில ஞாயிறுகளில் உன் பெயர் வராது. அங்கே விடிந்திருக்காது, தூங்குவாய். தூங்கு. இதற்காக எழுந்து உட்காராதே, பெயரைக் காட்டுவதற்காக ஆராதனைக்கு வருவது அவர் செய்ததைவிட மோசம்.

பிறகு உன் பாட்டுக்கே வந்தார். மூன்றாவது வரியும் நான்காவது வரியும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, நடுவில் மூச்சுவிட இடமில்லை, மேடையில் பாடுகிறவன் திணறிப்போவான் என்றார். பாடகராக அவர் ஒரு பாட்டைப் பற்றிப் பேசிக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. "அந்தச் சரணத்தைக் குச்சி பாட வேணாம்னு சொல்லிடு" என்றார். நீங்கள் தடுத்தால் பையன் மனசு உடையும் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "தடுக்கல. அத நான் பாடறேன். அவனுக்கு அவ்வளவு கீழ குரல் போகாது." கேமரா என்று கேட்டேன். அது பாட்டுக்கு நிற்கட்டும், அதற்கு என்ன கால் வலிக்கவா போகிறது என்றார்.

ஆகவே சரணத்தை எடுக்காதே. மாற்றி எழுதவும் வேண்டாம், அவருக்காக இனிப்புத் தடவாதே. மூச்சுக்கு மட்டும் இடம் விடு. குச்சிக்கு நீயே கூப்பிட்டுச் சொல், பாவம், எங்கள் தெருவுக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போகிறான்.

மற்றபடி குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவர் வீட்டில். பக்கத்து வீட்டு டீச்சர் உன்னைக் கேட்டார்கள். உனக்கு வேலை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை, பாட்டை வைத்துத்தான் நீ உயிரோடு இருப்பது தெரிகிறது. காலையில் வெறும் காபியோடு ஓடாதே. ஷூ தேய்ந்துவிட்டது என்றாயே, வாங்கினாயா? படுக்கும்போது கைபேசியை அடுத்த அறையில் வை, பாட்டு எழுதினால் போதாது.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். நீ ஒரு நிமிஷம் என்று சொல்லும்போதெல்லாம் அவர் அங்கேயே இருக்கட்டும். இருப்பார். மாதக் கடைசிக்குள் பதில் போடு, மறந்துவிடாதே.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா

உறையை ஒட்டப் போனேன். அடுத்த அறையில் பாடிப் பார்க்கிறார். குரல் கரகரக்கிறது, கீழே போக வேண்டிய இடத்தில் பாதியில் நிற்கிறது, இருமிவிட்டுத் திரும்பவும் தொடங்குகிறார். கைபேசியை இங்கேயே வைத்துவிட்டு, போய் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.