மீன் பெட்டியில் படுத்த முரசு

பிப்ரவரி 9, திங்கள்

அருங்காட்சியகவியல் முதுகலை, கடைசிப் பருவம். இந்த அருங்காட்சியகத்துக்குப் பயிற்சிக்கு வந்த இரண்டு பேரில் ஒருவரைத்தான் வேலைக்கு வைத்துக்கொள்வார்களாம். நான், இல்லையென்றால் லான்டே. அவன் இஸ்திரி கலையாத சட்டையில் வருகிறான். நான் எலுமிச்சை சோப்பு தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறேன். அப்படியும் பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளிக்கிறார்.

அம்மா அஷைமான் சந்தையில் உறைந்த மீன் விற்கிறாள். இங்கே யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம் "குளிர்பதன கம்பெனி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்யில்லையே? மூன்று உறைபெட்டி இருக்கிறது.

பிப்ரவரி 11

அருங்காட்சியகத்தின் பழைய ஊர்வல முரசின் மரத்தில் ஊசித்துளைகள். அடியில் மாவு மாதிரித் தூள். மரவண்டு. மார்ச் ஆறு, எங்கள் நாட்டுச் சுதந்திர தினக் கண்காட்சியில் நடுவில் நிற்க வேண்டியது அதுதான். இரண்டு வாரம் உறைய வைத்தால் புழுவும் முட்டையும் செத்துப்போகும். அருங்காட்சியகத்து உறைபெட்டியோ போன வருஷமே செத்துவிட்டது.

பொறுப்பாளர் குவேனார் மேடம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். லான்டே வாயைத் திறந்தான். "மேடம், செனானு வீட்டுல குளிர்பதன கம்பெனியே இருக்கு." பாவி.

"இத இவ்ளோ நாள் சொல்லவே இல்லையேப்பா," என்றார் மேடம்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எப்படி என்று ஒரு பாடம் வைத்தால் நானே நடத்தலாம்.

பிப்ரவரி 12

முரசைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி வேனில் கொண்டுபோனோம். அம்மா உறைந்த கோழியை வெட்டிக்கொண்டிருந்தாள். மேடம் அங்குமிங்கும் பார்த்தார்.

"கம்பெனி எங்கம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள். "நான்தான் கம்பெனி. வாங்க டீச்சரம்மா, உக்காருங்க."

லான்டே இருமுவதுபோலச் சிரித்தான். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அதற்கும் நேரமில்லை போல.

அவர்கள் போனபின் அம்மா கேட்டாள்: "டேய், இதுக்குப் பலி கிலி குடுத்திருப்பாங்களாடா?"

"ஊர்வலத்துல அடிச்சதும்மா."

"அப்பச் சரி," என்றாள். ஆனாலும் பெட்டி மூடியின்மேல் பைபிளை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 16

யாரோ பொதியைத் தட்டிப் பார்த்து, முழு ஆடு என்ன விலை என்று கேட்டானாம். வித்தாச்சு என்றாளாம் அம்மா.

பிப்ரவரி 20

காலையிலேயே கரண்ட் போய்விட்டது. இன்று வராது என்கிறார்கள். எங்கள் ஜெனரேட்டர் ஒரு பெட்டியைத்தான் தாங்கும். குளிர் விட்டால் முரசுக்கு மறுபடி முதலிலிருந்து — ஆறாம் தேதி போச்சு, என் வேலையும் போச்சு. முரசுக்குக் கொடு என்று அம்மாவிடம் எப்படிக் கேட்பது? மற்ற இரண்டு பெட்டி மீன்தான் கடையின் முதலே. அம்மா பாட்டுக்கு முரசுப் பெட்டியின் ஒயரைச் சொருகினாள்.

"அப்போ மீனு என்னாகும்மா?"

"மீன இன்னைக்கே பாதி விலைக்குத் தள்ளிரலாம். இத எவன் வாங்குவான்?"

நாள் முழுக்கத் தெருத்தெருவாகக் கூவினோம். முதுகலை மாணவன், தலையில் தட்டு. எதிரே லான்டே. முரசு என்ன ஆயிற்று என்று பார்த்துவர மேடம் அனுப்பினாராம். ஒளியலாம் என்றால் தட்டு விடுமா? அவன் சிரிக்கவில்லை. "ரெண்டு கானாங்கெளுத்தி குடு மச்சான்," என்றான். சிரித்திருந்தால் திட்டியாவது இருப்பேன்.

ச்சே. இந்த அம்மாவப் போயா ஒளிச்சு வச்சேன் நான் — வெக்கமா இருக்கு.

மார்ச் 6

முரசு சுத்தம். புதுத்தூள் ஒரு சிட்டிகை இல்லை. அம்மா புது உடுப்பில் வந்து, முரசின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, போவோர் வருவோரிடமெல்லாம் "இது எங்க கடையிலதான் தங்கியிருந்துச்சு" என்றாள். நானும் போய் நின்றேன். "எங்கம்மா. மீன் கடை வச்சிருக்காங்க." யாரும் மயங்கி விழவில்லை.

மார்ச் 30

வேலை லான்டேவுக்கு.

"நேர்முகத்துல அவன் நல்லாப் பேசினான்பா," என்றார் மேடம். நானும் நன்றாகத்தான் பேசினேன். என்ன, முக்கால்வாசி மீனைப் பற்றி. வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா கென்கே சோள உருண்டையும் பொரித்த மீனும் வைத்தாள். அழுதுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜூன் 15

அருங்காட்சியகத்தின் உறைபெட்டி இன்னும் செத்தேதான் கிடக்கிறது. புழு அரித்ததெல்லாம் எங்கள் கடைக்குத்தான் வருகிறது. போன மாதம் ஹோ நகர அருங்காட்சியகத்திலிருந்துகூட இரண்டு முகமூடிகள் வந்தன. உறைய வைத்த கூலியில் பெரிய ஜெனரேட்டர் போட்டாயிற்று. அம்மா ஆள் பிடித்து, கடைப் பலகையில் "மீன், கோழி" என்பதன் கீழே "முரசு, முகமூடி — புழு சாகும்" என்று எழுத வைத்தாள். வாசகம் என்னுடையது. படித்த படிப்புக்கு நான் எழுதிய முதல் விளக்கப் பலகை.

இன்று காலை லான்டே வந்தான். இஸ்திரிச் சட்டை, கையில் பாலிதீன் சுற்றிய முக்காலி. அம்மா நிமிரவே இல்லை.

"வரிசையில நில்லு தம்பி. முன்னால கோழி கேட்டு நிக்கிறாங்க."

நின்றான். அவன் முறை வந்ததும் பொதியை வாங்கிப் பார்த்தேன். ஒரு மூலையில் காற்றுப் போகிறது. பிரித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தேன்.

"எங்க பிடிக்கணும்?" என்று கேட்டான்.

காட்டினேன். பிடித்துக்கொண்டான்.