பதினேழு-சி இருக்கை காலியாகப் பறந்த விவரம்

அனுப்புநர்:
பதினேழு-சி இருக்கைக்குரிய பயணி,
தொழில்: லிஃப்ட் பழுதுபார்த்தல்.
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள பயணச்சீட்டில் உள்ளன.)

பெறுநர்:
பயணிகள் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
விமான நிறுவனக் கிளை அலுவலகம்,
விமான நிலையம்.

பொருள்: இதய சிகிச்சை செய்துகொண்டதை மறைக்காமல் சொன்னதற்காக விமானத்தில் ஏற்ற மறுத்தது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் வைத்தார்கள். அடுத்த வாரம் பரிசோதித்த மருத்துவர், விமானத்தில் போகலாம், ஆனால் பெட்டி தூக்கக் கூடாது, அதிகம் நடக்கக் கூடாது என்று சொல்லித் தகுதிச் சான்றும் கொடுத்தார். நான் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பவில்லை. வேறோர் ஊரில் மருத்துவமனையில் என் அக்கா இறுதிக் கட்டத்தில் இருந்தார். தாய் இல்லாத என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அவர். "மாமா, அம்மா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க, உடனே வாங்க" என்று அவர் மகன் போனில் அழுதான்.

2. அதிகம் நடக்கக் கூடாது என்பதால் நானும் உடன் வந்த என் மனைவியும் தங்கள் நிறுவனத்திடம் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். வினை அங்கேதான் தொடங்கியது. கவுன்டர் முன் நாற்காலிகளே ஒரு வரிசையாக நின்றன. நீலக் கோட்டு அணிந்த தங்கள் அதிகாரி ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டார். எல்லோரும் "முட்டி வலி" என்றார்கள். அதில் ஒருவர், காரில் மறந்துவிட்ட குடைக்காக வாசல்வரை ஓடிப்போய், ஓடியே திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்தவர். அவரையும் சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார். என் முறை வந்தது. எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "போன வாரம் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க சார்" என்றேன்.

3. உடனே என்னை ஏற்ற முடியாது என்றார். நான் நீட்டிய என் மருத்துவரின் சான்று செல்லாதாம். தங்கள் நிறுவனத்தின் தனிப் படிவத்தில் எழுதி வாங்கி, இரண்டு நாள் முன்பே அனுப்பியிருக்க வேண்டுமாம். என் அக்கா இரண்டு நாள் முன்னறிவிப்புக் கொடுக்கத் தவறிவிட்டார், மன்னிக்கவும். சிகிச்சை முடிந்து வருபவனைச் சோதிக்காமல் ஏற்றுவது ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. லிஃப்டில் எடை கூடி மணி அடித்தால் நானும் ஆளை இறங்கத்தான் சொல்வேன். ஆனால் அந்த மணிகூட, ஆள் ஏறி நின்ற பிறகுதான் அடிக்கும். என்னை யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் புகார்.

4. சோதிக்க ஆள் இல்லாமல் இல்லை. கவுன்டருக்கு நேர் எதிரே, 'மருத்துவர்' என்று பலகை மாட்டிய கண்ணாடி அறையில் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும் என்று என் மனைவி கெஞ்சினார். "அவர் மயங்கி விழுந்தவங்களத்தான் பார்ப்பாரும்மா" என்றார் நீலக் கோட்டு. "அப்ப இவரு விழணுமா?" என்று என் மனைவி கேட்டதற்கு, சத்தம் போட்டால் காவலரைக் கூப்பிடுவேன் என்று பதில் வந்தது. என் மனைவி சத்தம் போட்டது உண்மை. அதற்கு வருத்தம் தெரிவிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

5. விமானம் போய்விட்டது. நாற்காலி தள்ளிய ஊழியர் மனம் கேட்காமல் என் காதருகே குனிந்து, "முட்டி வலின்னு சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும் சார். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார். தங்கள் நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த ஒரே மருத்துவ ஆலோசனை அது.

6. அன்று மாலை அக்கா போய்விட்டார். கடைசிவரை, "தம்பி கெளம்பிட்டானா?" என்றே கேட்டிருக்கிறார். "பிளேன்ல ஏறிட்டாரும்மா, வந்துக்கிட்டே இருக்காரு" என்று அவர் மகன் சொல்லியிருக்கிறான். நான் வானத்தில் வந்துகொண்டிருப்பதாக நம்பியே அவர் கண்ணை மூடினார். அப்போது நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஐயா, எனக்கு வயிறு எரிகிறது. இதை இதற்குமேல் மரியாதையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

7. மறுநாள் காலை அதே கவுன்டர், அதே நீலக் கோட்டு. நிமிர்ந்து பார்த்திருந்தால் என்னை அடையாளம் தெரிந்திருக்கும். "என்ன பிரச்சினை?" என்றார். "முட்டி வலி" என்றேன். ஜன்னலோர இருக்கையே கொடுத்தார். முந்தின நாள் பறக்கத் தகுதியில்லாத அதே இதயம், ஒரு சாவுச் செய்தியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு தடையில்லாமல் பறந்தது.

8. ஆகவே, படிவம் இல்லாமல் வரும் நோயாளியை அந்தக் கண்ணாடி அறை மருத்துவர் எழுந்து வந்து பரிசோதிக்க ஆணையிடுமாறும், நீலக் கோட்டு அதிகாரியை விசாரித்து எனக்கு எழுத்தில் பதில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். நாற்காலி தள்ளிய ஊழியர்மீது கை வைக்க வேண்டாம். அங்கே மனிதராக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் பயணத்தின்போது நான் அளித்த தகவலையும் இதன்மூலம் திருத்திக்கொள்கிறேன். என் முட்டிகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

இப்படிக்கு,
(ஒப்பம்)
பதினேழு-சி பயணி

நாள்: மார்ச் 19
இடம்: தங்கள் மருத்துவர் அறைக்கு எதிர் பெஞ்சு