என் பெயரில் போன ரத்தம்

செஞ்சி,
செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி.

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு,

ஆண்டவர் அருளால் நீ சுவீடனில் நலமாய் இருப்பாய் என்று நம்பி நைனா எழுதுவது. அம்மா நலம். நம் பம்ப்செட் கடையும் நலம். என் நலத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். வியாபாரிக்கு அது கைவந்த வேலை. பேப்பரில் எழுதினால் நடுவில் நழுவ முடியாது. எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, கிணற்றுக்குள் குழாயின் அடிவாயில் மாட்டுகிற பழைய ஃபுட் வால்வு ஒன்றைக் கடையில் கையில் எடுத்தாய். நம் ஊர்த் தண்ணீரில் கிடந்து வாயெல்லாம் சுண்ணாம்பு கட்டியிருந்தது. உன் பெரியப்பா பாக்கியசாமியின் இதய வால்வும் கடைசியில் இப்படித்தான் இருந்தது என்றாய். உறைந்த ரத்தத்தைக் கரைக்க உடம்பிலேயே சில புரதங்கள் உண்டு, அவை மந்தமானால் உறைந்த துணுக்கு வால்வில் தங்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஏறுகிறதா என்றுதான் எங்கள் ஆய்வகத்தில் ஆராய்கிறோம், முடிவு தெரிய இன்னும் காலமாகும் என்றாய். இன்னொன்றும் சொன்னாய். சிலர் ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு வகைக் கொழுப்பு அதிகம். அதன் ஒரு பகுதி அந்தக் கரைக்கிற புரதம் மாதிரியே தோற்றம் காட்டி, அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், வேலை மட்டும் செய்யாது. பெரியப்பாவுக்கு அது இருந்தது, உங்களுக்கும் இருக்கலாம், டெஸ்ட் எடுங்கள் நைனா என்று கையைப் பிடித்துக் கேட்டாய்.

மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து அப்போதே நாலு மாதம். உன்னிடம் சொல்லவில்லை. டெஸ்டில் ஏதாவது வந்தால் படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாய். ஆகவே நீ ஏற்பாடு செய்து ரத்தம் எடுக்கிறவர் கடைக்கு வந்த அன்று ஒரு காரியம் செய்தேன். சாம்பிள் என்றால் நல்ல சரக்கைத்தானே எவனும் அனுப்புவான்? நம் கடையில் நல்ல சரக்கு யார்? பதினெட்டு வருஷமாய் நம் மெக்கானிக், நீ சித்தப்பா என்று கூப்பிடுகிற ஆனந்தராஜ். ஐம்பது வயதிலும் மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கிறவன். எனக்கு ஊசி என்றால் பயம், பேர் கேட்டால் ஆல்பர்ட் என்று சொல்லிக் கையை நீட்டு என்றேன். ‘இன்னாண்ணே, உன் பேருக்கு நான் குத்து வாங்கணுமா? ஒரு பிரியாணி ஆவும்’ என்று சிரித்துக்கொண்டே நீட்டினான்.

போன வாரம் ரிப்போர்ட் உனக்கு வந்ததும் கூப்பிட்டு, அந்தக் கொழுப்பு பல மடங்கு அதிகம் நைனா, உடனே இதயத்துக்கு எக்கோ எடுங்கள் என்றாய். சரி சரி என்றேன். அடுத்தவன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்று நீ சொன்னதை நினைத்தேன். அது யாருடைய ரத்தம் என்று இப்போது உனக்குப் புரியும்.

வெள்ளிக்கிழமை சரக்கு எடுக்கப் போகலாம் என்று ஆனந்தராஜைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனேன். ஐம்பது வயதாகிறது, ஒரு செக்கப் பார்த்துக்கொள் என்று எக்கோ எடுக்க வைத்தேன், அவன் பெயரிலேயே. அவன் சட்டை மாட்டுவதற்குள் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். வால்வு சுண்ணாம்பு ஏறிக் கல்லாகிவிட்டது, மாற்றியாக வேண்டும், அதுவரை ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது, இதயம் திடீரென்று நின்றுவிடலாம், வீட்டாரோடு இந்த வாரமே வாருங்கள் என்றார். வெளியே வந்தேன். ‘இன்னாண்ணே சொன்னாரு?’ என்றான். வயிற்றில் காஸ் என்றேன். வரும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு சோடா குடித்து ஏப்பம் விட்டு, ‘பாத்தியா, டாக்டரு கெட்டிக்காரன்’ என்றான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ரத்தக் கதை உனக்குத் தெரிந்துவிடும் என்பது ஒன்று. சித்திரை மாதம், கிணறுகள் அடிமட்டத்துக்குப் போயிருக்கிற சீசன், அவனை விட்டால் இறங்க ஆள் இல்லை என்பது இன்னொன்று. எது பெரியது என்று என்னைக் கேட்காதே. சனிக்கிழமை இரண்டு கிணறு, ஞாயிறு பூசை முடிந்து ஒன்று. எல்லாவற்றுக்கும் நான்தான் அனுப்பினேன்.

வாய் அடைத்த வால்வோடு மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஸ்டெல்லா. தண்ணீர் கொஞ்சம் குறையும், கிணறு வற்றுகிறது என்று விவசாயி நினைப்பான். ஒரு நாள் மோட்டாருக்குள் கம்பிச்சுருள் எரிந்த நாற்றம் வந்த பிறகுதான் என்னிடம் ஓடி வருவான். முப்பது வருஷமாய் அந்த நாற்றத்தில்தான் நான் சம்பாதித்தேன்.

நேற்று தொண்டூர் விவசாயி இளவழகன் போன் செய்தார். உங்க மெக்கானிக் கிணற்றின் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார், முகம் சாம்பலாய்ப் போய்விட்டது, பிறகு எழுந்து வேலையை முடித்துவிட்டுத்தான் போனார் என்றார். எனக்குத் தூக்கம் போயிற்று. இன்று எட்டு மணிக்கு அவன் கடைக்கு வந்ததும் முதல் வேலையாய் எல்லாவற்றையும் சொல்லி, அவனையும் அவன் மனைவி ஷோபனாவையும் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போவது என்று…

ஸ்டெல்லா, இவ்வளவு எழுதும்போது ஷோபனாவே கூப்பிட்டது. ‘அண்ணே, நீங்க வாங்கிக் குடுத்த காஸ் மாத்திரைய வச்சிட்டு பூட்டாரு. தளவானூர் கிணத்துல வெயிலுக்கு முன்னாடி எறங்கணும்னு அஞ்சரைக்கே பைக்க எடுத்துனு கெளம்பிட்டாரு. கடைல குடுத்தனுப்பட்டுமா?’ என்றது. தளவானூர் வேலையை ஒப்புக்கொண்டதும் நான்தான்.

மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. கிணற்றில் இறங்கினால் சட்டையைக் கழற்றி மேலே வைத்துவிட்டுத்தான் இறங்குவான், போன் அதில்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கும்.

காரை எடுக்கிறேன். உன்னைக் கூப்பிடும்படி ஷோபனாவிடம் சொல்கிறேன், எடு மகளே. டாக்டர் சொன்னதை என்னைவிட நீ நன்றாய் விளக்குவாய். நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிடு. என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் சரி, அதன் போனை எடு.

என் நலம் கேட்டால், என் ரத்தத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை. இந்த வாரம் நானே கையை நீட்டுகிறேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பார். இதைப் படித்ததும் ஒரு ஜெபம் சொல்லு. ஆனந்தராஜ் என்று பெயரைச் சொல்லிக் கேள். என் பெயரில் வேண்டாம்.

உன் நைனா,
ஆல்பர்ட்