முட்டை தட்டையான இடம்

வணக்கம் அம்மா. முட்டிவலி தேவலையா? தையல் மெஷினை மிதிப்பதை நிஜமாகவே குறைத்தீர்களா, இல்லை எனக்காகச் சும்மா சொன்னீர்களா? அப்பா மாத்திரை போடுகிறாரா?

பதறாதீர்கள். எங்கள் ஆராய்ச்சிக்காகப் போன வாரம் ஸ்கேன் மெஷினுக்குள் நானே படுத்தேன். மூளையில் தண்ணீர் நரம்பின் நீளவாக்கில் சுலபமாகப் பரவும், குறுக்கே பரவத் திணறும். அதைப் புள்ளிக்குப் புள்ளி ஒரு முட்டை வடிவமாகக் கணக்குப் போடுகிறோம். முட்டை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ, நரம்பு அந்தப் பக்கம் போகிறது.

என் தலையில் ஓரிடத்தில் முட்டை தட்டையாகி, பாதை அறுந்ததாகக் காட்டியது. உடனே எங்கள் பேராசிரியையைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணும் அறுந்து போகலம்மா. அங்க ரெண்டு பாதை குறுக்கும் நெடுக்குமா போகுது. உன் கணக்குல ஒண்ணுக்குத்தான் இடம் வச்சிருக்க."

சமன்பாட்டில் இரண்டுக்கு இடம் வைத்தேன். இரண்டு பாதையும் பளிச்சென்று வந்துவிட்டன! எல்லோர் தலையிலும் அங்கே அப்படித்தானாம்.

ஒரு வேலை. நீங்கள் தைக்கும்போது மெஷின் ஓடும் சத்தத்தை அப்பாவிடம் ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லுங்கள். முட்டி வலிக்காத அளவுக்குப் போதும்.

ஸ்கேன் அறையில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில், "அங்க சந்தோஷமா இருக்கியா, இல்ல வீட்டு நெனப்பாவே இருக்கியா?" என்று கேட்டீர்களே. சந்தோஷமாக இருக்கிறேன் என்றேன். உங்கள் கேள்வியிலும் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

இரண்டும்தான், அம்மா.

உங்கள் மகள்