பம்பரத்துக்குத் திசை தெரியாது

டம் டம், கல்கத்தா
18 ஜூன் 1961

வடிவு,

உயிரோடு இருக்கிறோம். தந்தியில் 'சிறு விபத்து' என்று போட்டிருப்பார்கள். அது பொய். ஓட்டியது உன் அப்பா; மாமாவுக்குக் காயம் இல்லை. பக்கத்தில் துணை விமானியாக இருந்த எனக்கு நெற்றியில் தையல். ரேடியோ ஆபீசர் அப்துல் ஜப்பாருக்கு, நம் வடகரைக்காரர்தான், வலது கை முறிந்துவிட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்லுகிறேன். விமானத்தில் திசை பார்க்க இரண்டு கருவி. ஒன்று காந்தக் காம்பஸ். மேகத்துக்குள் போனால் ஆடும், ஆனால் ஏமாற்றாது. மற்றது ஜைரோ. சுழலும் பம்பரம். ஆடாது, ஆனால் பம்பரத்துக்குத் திசை தெரியாது. கிளம்புமுன் நாம் எந்தத் திசையில் திருப்பி வைக்கிறோமோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்த அசாம் தளத்தில் எப்போதும் கிழக்கு நோக்கித்தான் கிளம்புவோம். அன்று காற்று மாறியதால் மேற்கு நோக்கிக் கிளம்பச் சொன்னார்கள். ஜப்பார் அதைத் தெளிவாகவே எங்களிடம் சொன்னார். மாமா விமானத்தை மேற்கே பார்க்க நிறுத்தினார். ஜைரோவை மட்டும் கைப்பழக்கத்தில் கிழக்கு என்று வைத்துவிட்டார். ஏறியதும் மேகம். தெற்கே ஆற்றுப்பக்கம் திரும்புவதாக நினைத்து வடக்கே மலைக்குள் திரும்பிவிட்டோம்.

"மாமா, காம்பஸ் வடக்குங்குது" என்றேன்.

"சும்மா இருலே. மேகத்துல அது ஆடத்தான் செய்யும்."

மறுபடி சொன்னேன்.

"ஏலே, எனக்கா பாடம் சொல்லுத?"

மேகம் விலகியது. கண்ணாடி முழுக்க மரம். இரண்டு பேரும் சேர்ந்து விமானத்தை மேலே இழுத்தோம். மர உச்சி வாலில் உரசியது. அந்தக் குலுக்கலில் கட்டு அறுந்து, ஏற்றியிருந்த தேயிலைப் பெட்டிகள் ஜப்பார் மேல் சரிந்தன.

கிளம்புமுன் நான் சரிபார்ப்பு அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும், கேப்டன் கருவியைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் விதி. மாமாவோ, "மருமவன் கேட்டு மாமன் ஒப்பிக்கணுமாக்கும்? மூடி வையி" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

இப்போது கம்பெனியில், 'ஜப்பார்தான் திசையைத் தவறாகச் சொன்னார்' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மாமா வாயே திறக்கவில்லை. நான் போடமாட்டேன். நடந்ததைச் சொன்னால் மாமாவின் லைசென்ஸ் போய்விடும். ஆவணியில் நம் கல்யாணம். மிச்சம் உனக்கே புரியும்.

சீக்கிரம் எழுது. எனக்குக் காத்திருக்கத் தெரியாது.

அய்யாக்குட்டி

*

தென்காசி
26 ஜூன் 1961

அன்புள்ள அத்தானுக்கு,

தையல் பிரித்தாயிற்றா? உங்கள் கடிதத்தில் கருவிகளைப் பற்றித்தான் அதிகம் இருந்தது. தலை வலிக்கிறதா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இங்கே சாரல் விடவே இல்லை.

அப்பாவும் அம்மாவுக்கு எழுதியிருக்கிறார்கள். 'உன் மருமவன் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறான்' என்று ஒரே வரி. அம்மா கையில் கரண்டியோடு, "வீட்டு மனுசன விட்டுக்கொடுத்துட்டு எந்த மூஞ்சியோட தாலி கெட்டுவானாம்?" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நேற்று ஜப்பாரின் மனைவி ஜாஹிரா பீவி வடகரையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "மாமனும் மருமவனுமாச் சேந்து எம் மாப்பிள்ள தலையில பழிய வச்சிருவியளோ? கை போனது போதாதாக்கும்?" என்றாள். நான் என்ன சொல்ல? மோர் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

கையெழுத்துப் போட வேண்டாம் அத்தான். அப்பாவுக்காகவும் போட வேண்டாம். இதை நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மூடி வை என்று அப்பா சொன்னால் நீங்கள் ஏன் மூடினீர்கள்? நான் சாதத்தை மூடி வை என்றால்கூட ஏன் என்று கேட்கிற ஆளாயிற்றே நீங்கள்.

முத்துவடிவு

*

டம் டம்
7 ஜூலை 1961

வடிவு,

உன் கேள்வியைப் படித்து எரிச்சல்தான் வந்தது. ஒரு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். அது வாதம், பதில் இல்லை.

பதில் இது: மாமன் என்பதால் மூடினேன். வேறு கேப்டனாக இருந்தால் காது கிழிய வாசித்திருப்பேன்.

நேற்று விசாரணையில் அதையும் சேர்த்தே சொன்னேன். ஜைரோவை வைத்தது கேப்டன் வீரபாகு, சரிபார்க்காமல் உட்கார்ந்திருந்தது நான், ஜப்பார் மேல் தவறு இல்லை என்று. விசாரித்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, "உன் லைசென்ஸும் நிற்கும், தெரியுமா?" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

மாமாவின் லைசென்ஸ் போயிற்று. எனக்கு ஆறு மாதம் தடை. ஜப்பாரின் வேலை நிலைத்துவிட்டது. வெளியே வந்தபோது தொப்பியை உள்ளேயே விட்டுவிட்டேன். மாமா எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நேற்றே மெயில் ரயிலில் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

ஆவணித் தேதியை மாற்ற வேண்டாம் என்று அத்தையிடம் சொல். தள்ளிப்போட இதில் என்ன இருக்கிறது?

அய்யாக்குட்டி

*

டம் டம்
20 ஜூலை 1961

வடிவு,

பதில் இல்லை. தபால் தொலைந்ததா, நீ எழுதவில்லையா? எதுவானாலும் சொல். பறக்கவும் முடியாமல், இங்கே ஷெட்டில் கிடக்கும் என்ஜின்களைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன். மெக்கானிக் என்னைத் துரத்திவிட்டான்.

அய்யாக்குட்டி

*

தென்காசி
27 ஜூலை 1961

அத்தான்,

தபால் தொலையவில்லை. நான்தான் எழுதவில்லை.

அப்பா தினமும் விடிந்ததும் குற்றாலம் போய்விடுகிறார்கள். ஒருநாள் நானும் போனேன். எண்ணெய் தேய்க்கிற பிச்சையா, "என்ன அண்ணாச்சி, இந்தச் சீசன்ல லீவு நீளமா இருக்கே?" என்று கேட்டான். "இனிமே நீளந்தாம்லே. நல்லா அமுக்கித் தேயி" என்றார்கள். அருவிக்கடியில் வெகுநேரம் நின்றார்கள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அருவியில் நின்றால் எல்லோருக்கும் சிவக்கத்தானே செய்யும்.

போன வெள்ளிக்கிழமை அப்பாவே வடகரைக்குப் போனார்கள். ஜாஹிரா பீவியிடம் என்ன பேசினார்களோ தெரியாது. மோர் குடித்துவிட்டு வந்ததாக மட்டும் சொன்னார்கள். அன்று சாப்பிடும்போது அம்மாவிடம், "பய என்னைய சும்மா விடல. சரி. தன்னையும் சும்மா விடலயே" என்றார்கள். அம்மா, "அப்பம் கல்யாணம்?" என்றாள். "நான் குறுக்க நிக்க மாட்டேன்." அம்மா எழுந்து போய்விட்டாள். இன்னும் அவள் மனம் இறங்கவில்லை.

இந்த வீட்டில் எல்லோரும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. நீங்கள் அதிகாரியிடம் சொன்னீர்கள், அம்மாவிடம் சொல்லச் சொன்னீர்கள். நான் பிறந்தபோதே பேசி வைத்தது என்பதால் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

கேளுங்கள். பதில் என்ன என்று இப்போதே முடிவு கட்டிக்கொண்டு கேட்காதீர்கள்.

முத்துவடிவு

*

டம் டம்
2 ஆகஸ்ட் 1961

முத்துவடிவு,

இதற்கு முன் எழுதிய நாலு தாளும் குப்பைக்குப் போய்விட்டன. எல்லாவற்றிலும் காரணம் காட்டியிருந்தேன்.

என்னைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா?

அவசரம் இல்லை.

அய்யாக்குட்டி