மயக்க வகுப்புக்கு அங்கீகாரம் கோரி

அனுப்புநர்:
ப. சரோஜம்,
க/பெ. பகவதிப்பெருமாள்,
வற்றல், மல்லி மொத்த வியாபாரம்,
ஆரியசாலை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவத் தொடர்கல்வி அங்கீகாரப் பிரிவு,
திருவனந்தபுரம்.

பொருள்: தமிழ் நோயாளிகளின் பேச்சைப் புரிந்துகொள்ள மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நடக்கும் மாத வகுப்பைத் தொடர்கல்வியாக அங்கீகரிக்க வேண்டுதல், முந்தைய மனு தவறாகப் படிக்கப்பட்டது குறித்த புகார்.

பார்வை: 1. எனது செப்டம்பர் மாத மனு. 2. அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய மறுப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை இரண்டில் கண்ட மறுப்பைப் பெற்றவள் நான்தான். அதைப் பெற்ற வருத்தத்தில் இம்மனுவை எழுதவில்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன். எங்கள் வகுப்பு ஏன் தேவை என்று நான் நான்கு பக்கம் எழுதியும் நிரூபிக்க முடியாததைத் தங்கள் அலுவலகம் ஒரே வரியில் நிரூபித்துத் தந்துவிட்டது. எப்படி என்பதை முறையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. அங்கீகாரம் இல்லாத வகுப்புக்குப் பணிநேரத்தில் ஆட்களை விட முடியாது என்று மருத்துவமனை நிர்வாகம் சொல்லிவிட்டது. தாங்கள் மனம் வைக்காவிட்டால் வரும் டிசம்பர் வகுப்பே கடைசி வகுப்பாகிவிடும்.

2. சென்ற ஆண்டு கால் விரலில் ஆறாத புண்ணுக்காக நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஒருநாள் மதியம் இன்சுலின் ஊசி போட்டுவிட்டார்கள், வீட்டிலிருந்து சாப்பாடு வரவில்லை. கிழக்கேகோட்டையில் ஏதோ ஊர்வலம், என் கணவர் சாப்பாட்டுத் தூக்கோடு அதில் மாட்டிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. வார்டிலிருந்த சிஸ்டர் அஜிதாவைக் கூப்பிட்டு, "மோளே, மயக்கமா வருது" என்றேன்.

3. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மலையாளத்தில் மிளகாய் விற்கிறவள் நான். விலை பேசவும் சண்டை போடவும் அந்த மொழி எனக்கு நன்றாகவே வரும். ஆனால் உடம்பு விழும்போது வாயில் வந்தது என் அம்மாவின் தமிழ். தமிழில் மயக்கம் என்றால் நினைவு தப்புவது. சிஸ்டர் அஜிதா கோட்டயம் பக்கத்துப் பெண். அவர் பழகிய மலையாளத்தில் மயக்கம் என்றால் கண்ணயர்வது, லேசாகத் தூங்குவது. பாவம், இந்த அம்மாவுக்கு உறக்கம் வருகிறது என்று நினைத்து, திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, பக்கத்துக் கட்டில்காரர்களைச் சத்தம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை இத்தனை அன்போடு வேறு யாரும் சாக விட்டிருக்க மாட்டார்கள்.

4. இதற்குள் என் கணவர் வந்து சேர்ந்தார். சிஸ்டர் அவரிடம், "அம்ம மயங்ஙுகயா, விளிக்கண்ட" என்றார், அம்மா கண்ணயர்கிறார், எழுப்ப வேண்டாம் என்று. அவர் அதை மலையாளத்தில் மிகச் சரியாகப் புரிந்துகொண்டு, என்னை எழுப்பாமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய சோறும் குழம்பும் அவர் மடியில் ஆறிக்கொண்டிருந்தன. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சுமந்த் என் நெற்றியைத் தொட்டு, நனைந்த தலையணையைப் பார்த்து, உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். நான் கண் விழித்தேன். விழித்தவுடன் என் கணவரைத் திட்டியதாகச் சொல்கிறார்கள். அது எனக்கு நினைவில்லை.

5. நான் அன்றே புகார் எழுதியிருப்பேன். பேனாவும் கேட்டு வாங்கிவிட்டேன். மறுநாள் காலை சிஸ்டர் அஜிதா வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "அம்மே, ஞான் இதுவரெ வேறெ எந்தெல்லாம் தெற்றிக் கேட்டிட்டுண்டாகும்?" இதுவரை இன்னும் எதையெதையெல்லாம் தப்பாகக் கேட்டிருப்பேனோ என்று ஒரு செவிலியர் நோயாளியிடம் கேட்டது, ஐயா, அதற்கு முன் நான் கேள்விப்படாதது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்விதான் இந்த வகுப்பு.

6. வகுப்பு மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம், மருத்துவமனை கேன்டீன் மாடியில் நடக்கிறது. விண்ணப்பத்தில் அதன் பெயர் 'நோயாளிமொழிப் பயிற்சி'. மருத்துவமனையில் அதை எல்லோரும் மயக்க வகுப்பு என்றே சொல்கிறார்கள். தமிழ் பேசும் எங்களில் ஒருவர் நோயாளியாக வந்து உட்கார்ந்து, வீட்டில் சொல்வதுபோல் உபத்திரவத்தைச் சொல்வோம். எதிரே இருக்கும் மருத்துவரோ செவிலியரோ உடனே தலையாட்டிவிடக் கூடாது, திருப்பி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். அதன்பின் டாக்டர் சுமந்த் அந்த நோயைப் பற்றிப் பாடம் எடுப்பார். எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. சர்க்கரை மிட்டாயைச் சுருக்குப்பையில் வைத்துக்கொள்ள நான் கற்றது அங்கேதான். ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கும் பேச்சி ஒருமுறை வயிற்று வலிக்காரியாக நடித்த நடிப்பில், புதிதாக வந்த டாக்டர் ஒருவர் ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொல்லிவிட்டார். பேச்சி பாதி வழியில்தான் எழுந்து உட்கார்ந்தாள்.

7. மருந்துக் கம்பெனிகள் நடத்தும் கருத்தரங்குகளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பெரிய ஹோட்டலில் பை, பேனா, பிரியாணியுடன் நடக்கும் அவற்றுக்கு அங்கீகாரம் தடையின்றிக் கிடைக்கிறது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். இருட்டில் படம் ஓடும்போது அங்கே பலர் மயங்குவதுண்டு, ஆனால் மலையாள அர்த்தத்தில் என்று டாக்டர் சுமந்தே சொன்னார். எங்கள் வகுப்பில் டீயும் பருப்புவடையும் மட்டுமே உண்டு. யாரும் தூங்கியதில்லை. தூங்கினால் பேச்சி விடமாட்டாள்.

8. எங்கள் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்தது ஒன்று உண்டு. தெரியாத வார்த்தையால் ஆபத்து இல்லை, தெரியாவிட்டால் கேட்டுவிடுவார்கள். தெரிந்ததுபோல் காதில் விழும் வார்த்தைதான் ஆளைக் கொல்லும். தமிழும் மலையாளமும் இத்தனை நெருக்கமாக இருப்பது நமக்கு நல்லதும் கெட்டதுமாக இருக்கிறது.

9. இதன் பலனைக் கேட்டருள வேண்டும். சென்ற ஜூலையில் கழக்கூட்டத்தில் கட்டட வேலை செய்யும் வீரபாண்டி என்ற தென்காசிப் பக்கத்து இளைஞரை, அந்தி சாய்ந்த நேரத்தில், சக தொழிலாளிகள் காஷுவாலிட்டிக்குத் தூக்கி வந்தார்கள். அவர் சொன்னது, "பூச்சி கடிச்சிட்டு, சிஸ்டர்." முன்பாக இருந்தால் பூச்சிக்கடிக்கு ஓர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அன்று பணியில் இருந்தவர் சிஸ்டர் அஜிதா. அவர் திருப்பிக் கேட்டார்: "காலுள்ள பூச்சியா, காலில்லாத பூச்சியா?" வீரபாண்டி மெதுவாக, "காலில்லாதது" என்றார். பொழுது சாய்ந்தபின் எங்கள் ஆட்கள் பாம்பு என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார்கள், பூச்சி என்றுதான் சொல்வார்கள். இதை வகுப்பில் சொன்னவள் பேச்சி, அதைக் கேட்டு உடம்பில் ஏற்றிக்கொண்டவர் சிஸ்டர் அஜிதா, நேரம் தவறாமல் விஷமுறிவு மருந்து கொடுத்துக் காப்பாற்றியவர் டாக்டர் சுமந்த். வீரபாண்டி இப்போது இரண்டு காலில் நடந்து வகுப்புக்கு வருகிறார். அவருக்குத் தரும் வேடம் எப்போதும் தலைவலிதான். பாம்புக்கடியை நடிக்கமாட்டேன் என்கிறார்.

10. இனி தங்கள் அலுவலகத்துக் கடிதம். எங்கள் வகுப்பில் பேசுகிறவர்களுக்கு மருத்துவப் பட்டம் இல்லை என்று எங்கள் முதல் விண்ணப்பத்துக்கே தங்கள் அலுவலகத்தின் ஆட்சேபம் வந்ததால், செப்டம்பர் மனுவில் நான் அதிகம் கேட்கவில்லை. 'ஆட்சேபத்தைச் சரிசெய்ய ஆறு மாத அவகாசம் தந்தருள வேண்டும்' என்று தமிழில் எழுதினேன். தமிழில் அவகாசம் என்றால் கால நீட்டிப்பு. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாக்கிக்காரன்கூட அதைத்தான் கேட்பான். தங்கள் அலுவலகத்திலிருந்து மலையாளத்தில் வந்த பதில்: மனுதாரருக்கு இத்தகைய அவகாசம் எந்தச் சட்டத்திலும் வழங்கப்படவில்லை, எனவே மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை.

11. ஐயா, நான் கேட்டது கொஞ்சம் நேரம். தாங்கள் மறுத்தது என் உரிமையை. நான் கேட்காததை மறுத்து, கேட்டதற்குப் பதிலே சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அந்தக் கடிதத்தைச் சிஸ்டர் அஜிதா நவம்பர் வகுப்பில் வாசித்தபோது முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கேன்டீன் மாடியே அதிர்ந்தது. டாக்டர் சுமந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைவிட நல்ல பாடம் நம்மிடம் இல்லை என்றார். அன்று முதல் தங்கள் கடிதம்தான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எங்கள் முதல் பாடம். கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இன்சுலின் போட்டவர்கள் நல்லவர்கள், திரையை இழுத்துவிட்டவர் நல்லவர், தங்கள் குமாஸ்தாவும் நல்லவராகத்தான் இருப்பார். எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் ஆள் போய்விடக்கூடும் என்பதுதான் எங்கள் கவலை.

12. ஆகவே இந்த வகுப்பின் நேரத்தைத் தொடர்கல்வி நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும், பட்டம் இல்லை என்பதற்காக பேச்சியையும் வீரபாண்டியையும் என்னையும் வகுப்பிலிருந்து விலக்காமல் இருக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். வித்துரா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகள் நிறைய. அங்குள்ள சுகாதார நிலையத்துச் செவிலியர்கள் இருவர் பஸ் மாறி மாறி எங்கள் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்கள் அலைச்சல் குறைய அங்கேயும் ஒரு வகுப்பு தொடங்க அனுமதி தர வேண்டும். டிசம்பர் வகுப்புக்குத் தாங்களே வருவதானால் நோயாளி நாற்காலி தங்களுக்குத் தயாராக இருக்கும். தலைவலி வேண்டுமானால் வீரபாண்டி விட்டுக்கொடுப்பார்.

13. தங்கள் வசதிக்காக இம்மனுவின் மலையாள மொழிபெயர்ப்பும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. செய்து தந்தவர் சிஸ்டர் அஜிதா. சென்ற முறை நான் கேட்ட அவகாசம் தமிழ் அவகாசம். இந்த முறையும் அவகாசமே கேட்கிறேன், ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். தாங்கள் அதை மலையாளத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

தங்கள் நல்ல உத்தரவை நம்பி,

ப. சரோஜம்
(ஒப்பம்)

இடம்: ஆரியசாலை, திருவனந்தபுரம்
நாள்: 20.11.2003

இணைப்பு: மலையாள மொழிபெயர்ப்பு; தங்கள் மறுப்புக் கடிதத்தின் நகல் (அசல் வகுப்புச் சுவரில் உள்ளதால் அனுப்ப இயலவில்லை).