அத்திம்பேர், பிரேக் உங்கள் தப்பு இல்லை

என் அருமை அத்திம்பேருக்கு,

முதலில் நல்ல செய்தி. மீனுவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை தங்கமான பையன், ரசத்தில் உப்பு இல்லாவிட்டாலும் வாயைத் திறக்க மாட்டான். உங்கள் இடத்தில் உங்கள் தம்பி உட்கார்ந்து உங்கள் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தார். மாலை மாற்றும்போது அவளைத் தோளில் தூக்கிய மாமா நான்தான். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

கெட்ட செய்தியும் இருக்கிறது. ஜானவாச ஊர்வலத்துக்கு உங்கள் வண்டி வரவில்லை. மாட்டுங்கா கோவிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை வாடகை ஜீப்பில்தான் வந்தான். மீனுவின் இடது கையில் மாவுக்கட்டு. மருதாணி ஒரு கைக்குத்தான் வைத்துக்கொண்டாள்.

அந்த வண்டியை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! துணிக்கூரை மடங்கும் அந்தப் பழைய காரைக் காயலான்கடை பங்கார்காரனிடம் வாங்கி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தீர்கள். "நீங்க பணம் கொடுத்தேளா, இல்லே எடுத்துண்டு போங்கோன்னு அவன் கொடுத்தானா?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "மீனு கல்யாணத்துல மாப்பிள்ளை இதுலதாண்டா வருவான்" என்றீர்கள். மீனு அப்போது எட்டாம் வகுப்பு.

அதற்கப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! செம்பூர் சொசைட்டியில் கார் நிறுத்துமிடத்தில் நீங்கள் வண்டிக்கு அடியில் கிடப்பீர்கள். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், அக்கா கொடுத்த காபியும் பேப்பருமாக. ஒரு நாள் ஒரு ஸ்பானரை எடுத்துக் கொடுத்திருப்பேனா? அந்த வேலையில் உங்கள் பழக்கவழக்கம் என்ன என்று ஒரு தடவையாவது கேட்டிருந்தால், இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது.

காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போன ஒரு சனிக்கிழமை, நீங்கள் திரும்பி இறங்கவில்லை. டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. உங்கள் வருஷாப்தீகம் ஆகி, மீனுவுக்கும் நிச்சயமானதும், வண்டியை நான் தயார் செய்கிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன்.

தார்ப்பாயை விலக்கினால் ஸ்டீரிங்கில் ஒரு சிவப்புத் துணி இறுக்கி முடிந்திருந்தது. பம்பாயில் பாதி டாக்சியில் கோவில் துணி இப்படித்தானே தொங்குகிறது. நீங்களும் ஏதோ மாதாஜி கோவிலில் வாங்கிக் கட்டியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு அவிழ்த்தேன். பத்திரமாக அக்காவின் சுவாமி அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். என் பக்தியைப் பாருங்கள்!

புது பேட்டரி போட்டு, பெட்ரோல் ஊற்றியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மீனு ஓடிவந்து முன்சீட்டில் ஏறினாள். அந்தச் சத்தம் கேட்ட சந்தோஷத்தில் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. வாசலுக்கு இறங்கும் சரிவில்தான் மிதித்தேன். கால் தரை வரைக்கும் போயிற்று, வண்டி நிற்கவில்லை. வாட்ச்மேன் ஒரு பக்கமாகக் குதித்தார். கேட் தூணில் மோதித்தான் நின்றோம். மீனு "அப்பா!" என்று கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் அக்கா சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "பொண்ணுக்காகப் பண்றேன், பொண்ணுக்காகப் பண்றேன்னு இத்தனை வருஷம் அதுக்கு அடியிலேயே கிடந்தார். கடைசில பிரேக்கைக்கூடப் போடலை. என் குழந்தையைக் கொன்னிருப்பாரேடா!" அப்போது எனக்கும் விஷயம் தெரியாது. உங்கள் மேல் எனக்கும் கோபம் வந்தது.

மறுநாள் தாராவியிலிருந்து செல்லத்துரை வந்தார். உங்கள் வண்டிக்குப் பிரேக் சாமான் சரிசெய்து கொடுப்பவர் அவர்தானே. அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "பின்வீல் ரெண்டுலயும் பழைய பிரேக் ரப்பரக் கழட்டியாச்சு அண்ணாச்சி, புதுசு இன்னும் போடல" என்றார். அப்புறம் ஸ்டீரிங்கைப் பார்த்தார். "அவிய வேலய பாதில நிறுத்துனா, செவப்புத் துணி கட்டாம ஒரு காப்பி குடிக்கக்கூட போவ மாட்டாவளே. யாரும் வண்டிய எடுத்துரக் கூடாதுன்னு. அத யாரு அவுத்தா?"

"தெரியலையே" என்றேன்.

அக்கா மாடியில் இருந்தாள். அவள் காதில் விழவில்லை என்று எனக்கு நிம்மதி. அத்திம்பேர், அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கல்யாணத்தில் யாரோ கேட்டார்கள், "பாவம், கடைசில அவருக்கு ஞாபகம் சரியில்லையோ?" என்று. நான் தலையை ஆட்டினேன். மீனு மட்டும் நம்பவில்லை. "அப்பா அப்படி விட்டிருக்க மாட்டார் மாமா. ஒரு ஸ்க்ரூவைத் தொட்டாக்கூட மூணு தடவை செக் பண்ணுவார்" என்றாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "வயசாச்சோல்லியோம்மா" என்று சொல்லிவிட்டேன். எப்படி வாய் வந்தது எனக்கு?

உங்கள் படத்துக்குப் பூ வைப்பதை அக்கா நிறுத்திவிட்டாள். அந்தத் துணிக்கு மட்டும், கோவில் துணி என்று நான் சொன்னதை நம்பி, வெள்ளிக்கிழமை தவறாமல் வைக்கிறாள். வண்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை பங்கார்காரன் எடுத்துக்கொண்டு போகிறான். வண்டி போனால் போகட்டும் என்றுகூட மனசைத் தேற்றிக்கொள்வேன். நீங்கள் அஜாக்கிரதையான மனுஷர் என்று நினைத்துக்கொண்டே அவள் மிச்ச நாளைக் கழிப்பாளே, அதற்கு நான் என்ன செய்வேன்?

எதற்குப் பயப்படுகிறேன்? அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர்கள் நீங்கள் இரண்டு பேரும். அந்த வீட்டு வாசல் எனக்கு மூடிவிடுமோ என்றா? உயிரோடு இருப்பவளின் கோபத்தைவிடச் செத்துப்போனவரின் பெயர் மலிவாகப் போயிற்றா எனக்கு?

நாலு தடவை அவளிடம் சொல்லப் போய், பேச்சை மாற்றிவிட்டுத் திரும்பினேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தை எழுதி முடித்த கையோடு நம் சங்கத்து மலரில் அச்சிடக் கொடுத்துவிடப் போகிறேன். அக்கா அதை அட்டை விளம்பரம் வரை விடாமல் படிப்பவள். அச்சில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளும்படி விட்டால் நான் மனுஷனே இல்லை. அப்புறம் பின்வாங்க எனக்கு வழி கிடையாது.

நாளைக்குக் காலை முதல் ரயிலில் செம்பூர் போகிறேன். மீனுவையும் வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் எதிரிலும் சொல்வேன். அக்கா என்னை அடிக்கட்டும், இனி வராதே என்று சொல்லட்டும். உங்கள் மேல் அவளுக்கு இருக்கிற கோபம் முழுவதையும் நான் வாங்கிக்கொண்டுதான் அந்த வீட்டை விட்டு இறங்குவேன். இது சத்தியம்.

உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த,
உங்கள் மச்சினன்
சேது